தோணிமுனைக்கு மேலே நின்ற விமானம்

விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த எல்லோரும் இறந்துபோனார்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த காலையில்தான் அந்த விமானம் தோணிமுனைக்கு மேலே வந்து நின்றது. சத்தமே இல்லாமல் வந்தது. அந்தோணியார் கோயில் கோபுரத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே, பிள்ளைகள் விடுகிற பட்டம் எட்டாத உயரத்தில், மூக்கைத் தெற்கே வைத்துக்கொண்டு, சுவரில் ஆணியடித்து மாட்டிய படம் மாதிரி அசையாமல் நின்றது. வெள்ளை வயிறு, நீலக் கோடு, வாலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓட்டை. கரையில் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்த பிரகாசி அக்கா நிமிர்ந்து பார்த்தாள், கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு மீன் காத்திருக்காது என்பதால் விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தாள்.

கித்தேரி அதைப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குள் டிவிக்கு முன்னால், தலையைக்கூட வாராமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தம்பி இஞ்ஞாசி அந்த விமானத்தில் இருந்தான். வளைகுடாவில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனவன், கோயில் கொடியேற்றத்துக்கு லீவு கிடைத்து வந்துகொண்டிருந்தான். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து நடத்திய கடை அது, அந்தோணியார் சவுண்ட் சர்வீஸ். சுற்றுப்பட்டில் எந்தக் கல்யாணத்துக்கும், சாவுக்கும், கோயில் திருநாளுக்கும் அவர்களுடைய மைக் செட்தான் போகும். இஞ்ஞாசிக்குத் திக்குவாய். மைக்கைக் கட்டி, ஒயர் இழுத்து, குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்து உச்சியில் ஏற்றுவதெல்லாம் அவன். ஆனால் மைக்கில் ஒரு வார்த்தை பேசமாட்டான். மற்ற மைக் செட்டுக்காரர்கள் ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் என்று சொல்லுகிற இடத்தில் இவன் விரலால் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு தட்டுவான். அந்தத் தட்டு கேட்டால் ஊருக்குத் தெரியும், இனி ஜெபமோ பாட்டோ தொடங்கப்போகிறது என்று.

மத்தியானச் செய்தியில் அவன் போட்டோவைக் காட்டினார்கள். விமானத்தைக் கடத்தியவன் இவன்தான் என்றார்கள்.

பிறகு வந்த நாட்களில் அந்தக் கதை வளர்ந்தது. பழம் நறுக்குகிற கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு இஞ்ஞாசி தனியாளாகப் பணியாளர்கள் எல்லோரையும் கட்டிப்போட்டானாம், விமானி அறையின் இரும்புக் கதவை உடைத்தானாம், விமானத்தைத் திருப்பச் சொன்னானாம், கட்டுப்பாட்டு அறையோடு நெடுநேரம் தங்குதடையில்லாமல் பேசிக் கோரிக்கை வைத்தானாம், கடைசியில் உள்ளே குண்டு வைத்து விமானத்தையும் தன்னையும் சிதறடித்தானாம். ஆழ்கடலில் விழுந்ததால் ஒரு துண்டும் கிடைக்காதாம். அதைச் சொன்ன அதிகாரி தலைநகரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தோணிமுனையின் வானம் தெரியாது.

பிரகாசி அக்காதான் கித்தேரியை வீட்டிலிருந்து இழுத்து வந்தாள்.

"எந்திரிட்டீ. அழுததெல்லாம் போதும். வெளிய வந்து பாரு."

"என்னத்தப் பாக்கச் சொல்லுத?"

"உன் தம்பி வந்த பிளேன்தானான்னு பாரு. நம்பர் எழுதியிருக்கு வயித்துல."

கித்தேரி வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். டிவியில் காட்டிய அதே எண்தான். விசைப்படகு வைத்திருந்த சவரிராயன் தன் பைனாகுலரைக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒரு பெண் தன் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், ஒரு ஜன்னலில் ஆளில்லை. இறக்கைக்குப் பின்னாலிருந்த ஜன்னலின் மூடி இரண்டு தடவை சட்டென்று மேலேறி இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி இரண்டு தடவை.

கித்தேரி பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள். "அவன்தான்" என்றாள். உள்ளே போய்த் தலை வாரி, உடுப்பு மாற்றி, சோறு பொங்கித் தின்றாள்.

எந்த அதிசயமும் ஒரு வாரத்துக்குமேல் அதிசயமாக இருப்பதில்லை என்பதைத் தோணிமுனை அந்த மாதத்தில் தெரிந்துகொண்டது. முதலில் எல்லோரும் ஜெபமாலையோடு தெருவில் நின்றார்கள். பிறகு நின்றபடியே வேலையைப் பார்த்தார்கள். பிறகு வேலையைப் பார்க்கும்போது நடுநடுவே நிமிர்ந்துகொண்டார்கள். கடலுக்குப் போனவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு விமானத்தை அடையாளம் வைத்துக் கரை திரும்பினார்கள், ஏனென்றால் இருட்டினால் அதன் ஜன்னல்களில் வரிசையாக விளக்கெரியும். கருவாடு காயப்போடுகிற பெண்கள் நிழல் விழுகிற நேரத்துக்கு முன்னால் பாயை நகர்த்தப் பழகினார்கள், சீட்டாடுகிற கிழவர்கள் அதே நிழலைத் துரத்திக்கொண்டு காலையில் ரேஷன் கடை வாசலிலும் மாலையில் கல்லறைத்தோட்டச் சுவரோரத்திலுமாக ஆடினார்கள், யார் வீட்டு முற்றத்துக்கு அதிக நிழல் என்று இரண்டு சம்பந்திக் குடும்பங்கள் பேச்சை முறித்துக்கொண்டன. மழை பெய்தால் ஊரில் விட்டபிறகும் இறக்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். புறாக்கள் வாலில் அடைந்தன. விமானத்துக்குள் இருந்தவர்கள் ஓட்டையின் விளிம்பில் ஒரு மஞ்சள் சேலையைக் கட்டி மழைத்தண்ணீரை உள்ளே திருப்பினார்கள். அந்தச் சேலை பறக்கிற திசையை வைத்து ஊர்ச்சனம் காற்று பார்த்தது.

விமானத்துக்கும் ஊருக்கும் நடுவே பழக்கமும் உண்டாகிவிட்டது. திருநாளில் சப்பரம் கிளம்பும்போது கித்தேரி ஒரு குழாய் ஸ்பீக்கரை மேலே பார்க்கத் திருப்பிவைத்துப் பாட்டுப் போட்டாள். மேலே எல்லா ஜன்னல் விளக்கும் அணைந்து அணைந்து எரிந்தன. அம்மா தலைசீவிவிட்ட அந்தக் குழந்தை வளர்ந்து, ஜன்னலில் தானே முகத்தை ஒட்டிக்கொண்டு பார்க்குமளவுக்கு ஆனது. கீழேயிருந்த பிள்ளைகள் அதற்கு ஸ்தெல்லா என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதன் உண்மையான பெயர் வேறு என்று தெரிந்தபோதும் ஸ்தெல்லா என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் தோணிமுனையைத் தாண்டினால் வேறு உலகம். பக்கத்து ஊர்களில் கித்தேரியின் மைக் செட்டை யாரும் கூப்பிடவில்லை. கடத்தல்காரன் அக்காவின் மைக்கில் கல்யாணப் பாட்டுப் போட்டால் விளங்குமா என்றார்கள். யாரோ அவளுடைய கடைப்பலகையில் தார் பூசினார்கள். போலீஸ்காரர்கள் வந்து வீட்டைக் கிளறி, இஞ்ஞாசியின் சாலிடரிங் கம்பியையும் ஒரு பழைய ரேடியோவையும் வெடிகுண்டுச் சாமான் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது விமானத்தின் நிழலில் ஜீப்பை நிறுத்தித்தான் தண்ணீர் குடித்தார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கித்தேரியிடம், "எனக்குத் தெரியுதும்மா. ஆனா இதை எழுதினா எனக்கு வேலை இருக்காது" என்றார். அவள் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள்.

அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையம் போட்டது. குற்றவாளியின் ஊரிலேயே ஒரு அமர்வு நடத்தவேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்தானகோபாலன் தோணிமுனைக்கு வந்தார். கோயில் மண்டபத்தில் மேஜை போட்டார்கள். மைக் வேண்டுமே என்று தாசில்தார் அலைந்தபோது, அவ்வளவு தூரத்துக்கு வேறு யாரும் வரமாட்டேன் என்றதால், கடைசியில் கித்தேரியிடமே வந்து தலையைச் சொறிந்தார்.

"நீங்க சாட்சியும் சொல்லணும், மைக்கும் கட்டணும்" என்றார்.

"கட்டுதேன்" என்றாள் கித்தேரி. "நல்லாவே கேக்கும்படியா கட்டுதேன்."

ஊரே மண்டபத்துக்கு வந்தது. கடத்தியவனின் குரல் என்று ஒரு ஒலிப்பதிவை அவளுடைய ஆம்ப்ளிஃபயர் வழியாகவே போட்டுக்காட்டினார்கள். கனத்த, படித்த குரல். ஆங்கிலமும் இந்தியுமாக ஆற்றொழுக்காகப் பேசியது, இடையில் மூச்சுக்கூட வாங்கவில்லை. பேசி முடித்ததும் மண்டபத்தின் பின்வரிசையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு இருமுவதுபோல அதை மறைத்தார், பிறகு அவரால் மறைக்கமுடியாமல் போக மண்டபமே சிரித்தது. பங்குச்சாமியார் வலேரியன் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நீதிபதிக்குக் கோபம் வந்தது. "என்ன சிரிப்பு இங்கே?"

கித்தேரி எழுந்து போய் மைக்கை எடுத்தாள். அவளும் அதுவரை மைக்கில் பேசினவள் இல்லை. மற்றவர்கள் பேசுவதற்காகக் கட்டிக்கொடுத்தே பழகியவள்.

"ஐயா, இஞ்ஞாசி என் தம்பி. அவன் எங்கிட்ட தண்ணி கேட்டு முடிக்கதுக்குள்ள நான் கொண்டாந்து குடுத்திருவேன். போன்ல பேசவே மாட்டான், அங்கேருந்து கூப்பிட்டா ரெண்டு தட்டு தட்டுவான், நானா பேசிட்டு வைப்பேன். இந்தக் குரல் அவனுக்கு எங்கேருந்து வந்தது? செத்தான்னு நீங்க சொல்லுத அன்னைக்கி மட்டும் வாய் வந்துச்சா?"

"பதற்றத்தில் சிலருக்குத் திக்குவது நின்றுவிடும் என்று மருத்துவ அறிக்கை இருக்கிறது" என்றார் அரசு வக்கீல்.

"சரிங்க. ஏறும்போது அவன்கிட்ட நகவெட்டியைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்களாம், கூட வேலை பாக்கவன் சொன்னான். கத்தி எப்படிப் போச்சு?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"பிளேன் விழுந்ததா சொல்லுதீங்களே, அதுக்கு முந்தின நாளு எங்க ஊருக்கு என்ன சொன்னாங்க?" கித்தேரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "சவரிராயன் அண்ணே, நீங்க சொல்லுங்க."

சவரிராயன் எழுந்து நின்றார். "மறுநாளு தெக்க ஆழத்துக்குப் போகவேண்டாம்னு சொன்னாங்கய்யா. சுட்டுப் பழகுதாங்களாம், நம்ம நேவிக்காரங்க. எல்லாப் படகுக்கும் ஒயர்லெஸ்ல சொன்னாங்க."

"அன்று எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை" என்றார் வக்கீல். "எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது."

"இருக்கட்டும்" என்றாள் கித்தேரி. "உள்ள வச்ச குண்டு வெடிச்சா தகடு வெளிய பாத்துல்ல பிதுங்கணும்? அப்பளத்துல விரலால குத்துன மாதிரி அந்த ஓட்டையில தகடு பூராவும் உள்ள பாத்து மடங்கி நிக்கி. நான் சொல்லி நீங்க நம்பவேண்டாம். நாலு எட்டு வெளிய வந்து, தலையைத் தூக்கிப் பாருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. துடைக்கும்போது அவர் கண் ஒருதரம் வாசல் பக்கம் போய்த் திரும்பியதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "விமானம் விழுந்த சூழ்நிலையை ஆராய்வதுதான் இந்த ஆணையத்துக்கு இட்ட பணி. வானம் இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது" என்றார்.

மத்தியானம் அவர் காரில் ஏறும்போது குடை பிடித்துக்கொண்டு ஏறினார். வெயிலே இல்லை, விமானத்தின் நிழல் முழுக்க அவர் மேல்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் தாசில்தார் கித்தேரியின் வீட்டுக்கு வந்தார். தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே புத்தி சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவளை இனி யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், கடையும் பழையபடி ஓடும் என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க போயிட்டு வாங்க சார்" என்றாள் கித்தேரி. "எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு. அவனுக்கும் சரியாத்தான் இருக்கு."

அறிக்கை வந்தது. டிவியில் சொன்ன கதைதான், கெட்டி அட்டை போட்டு. இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் கட்டவேண்டும் என்றும், அதைக் கடத்தல்காரனின் ஊரிலேயே கட்டினால் பிற்காலத்தவருக்குப் பாடமாக இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. லாரியில் ஒரு பெரிய கறுப்புக் கல் வந்து இறங்கியது. கல்தச்சர்கள் வெளியூர்க்காரர்கள். வெயில் தாங்காமல் கல்லை விமானத்தின் நிழலுக்கு இழுத்துவந்து போட்டுக்கொண்டு பெயர்களைக் கொத்தினார்கள். கேப்டன் அச்சாமா குரியன் என்று முதலில் கொத்தினார்கள். பிறகு பணியாளர்கள், பிறகு பயணிகள். ஸ்தெல்லாவின் உண்மையான பெயரும் வந்தது. இஞ்ஞாசியின் பெயர் இல்லை. அதற்குப் பதில் அடியில் ஒரு வரி: இவ்வூரைச் சேர்ந்த ஒருவனால் உயிரிழந்தோர் நினைவாக.

செத்துப்போனதாகத் தங்கள் பெயரைக் கல்லில் கொத்துவதை ஆகாயத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று தோணிமுனைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கல்லில் உளி விழும் சத்தம் மேலேயும் கேட்டிருக்கவேண்டும். எல்லா ஜன்னலிலும் முகங்கள் ஒட்டியிருந்தன.

மறுநாள் காலையில் ஜன்னல்களில் காகிதங்கள் தெரிந்தன. ஜன்னலுக்கு ஓர் எழுத்து. கித்தேரி பைனாகுலரில் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள்.

இ, ற, ங், க, லா, மா.

ஊர்ச்சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இத்தனை காலம் அது ஏன் இறங்கவில்லை என்று அவர்கள் யாருமே கேட்டுக்கொண்டதில்லை. மலை ஏன் நகரவில்லை என்று யார் கேட்கிறார்கள்? இப்போதுதான் புரிந்தது. விமானம் என்றால் அனுமதி கேட்டுத்தான் இறங்கவேண்டும். விழுந்துவிட்டதாக எழுதப்பட்ட விமானத்துக்கு எந்த ஊர் விமான நிலையம் அனுமதி கொடுக்கும்?

"நாம குடுப்போம்" என்றாள் பிரகாசி அக்கா.

"நாம யாரு குடுக்கதுக்கு?" என்று சாமியார் கேட்டார். அவர் பயந்துபோயிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. "சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஏதாவது ஆகி, எல்லாரும் செத்துட்டாங்கன்னா?"

"அவங்கதான் ஏற்கெனவே செத்துட்டாங்களே சாமி" என்றாள் கித்தேரி. "கல்லு இருக்கே."

சாமியார் கல்லைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு போய்க் கோயில் மணியை அடித்தார். சவரிராயனுக்குப் படகோடு உப்பளமும் உண்டு. விமானம் இறங்க வேறு இடம் ஏது? அந்த வருசத்து உப்பு அப்போதுதான் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "உப்பு அடுத்த வருசமும் விளையும்" என்று வரப்பை முதலில் தானே வெட்டினார். ஆணும் பெண்ணுமாய் ஊர் முழுக்க இறங்கி வரப்புகளை அடித்துத் தட்டித் தளம் பண்ணியது. தாசில்தார் வந்து தடையுத்தரவு போட்டார். அதைப் படிக்க மைக் கேட்டார். இன்றைக்கு மைக்குக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

மீன் காயப்போடுகிற வெள்ளைத் துணிகளைத் தைத்து நீளமாக இரண்டு பக்கமும் விரித்தார்கள். கித்தேரி கடையிலிருந்த எல்லாக் குழாய் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து, எல்லாவற்றின் வாயையும் ஆகாயத்துக்குத் திருப்பி, ஜெனரேட்டரை ஓடவிட்டாள். மைக்கைக் கையில் எடுத்தாள். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"தோணிமுனையிலருந்து பேசுதோம். உங்களையெல்லாம் நாங்க பாக்கோம். தரை கெட்டியா இருக்கு, காத்து தென்மேக்கு. நீங்க விழல. நீங்க யாரும் சாகல. இறங்கலாம்."

நெடுநாள் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கும்போது முதுகு சொடுக்குவதுபோல ஒரு சத்தம் மேலே கேட்டது. புறாக்கள் கலைந்தன. விமானம் மூக்கைத் தாழ்த்தியது, கடலுக்கு மேலே ஒரு வட்டம் போட்டது, மஞ்சள் சேலை படபடக்க வந்து உப்பின் மேல் இறங்கி, வெள்ளைப் புழுதியை ஊரின் உயரத்துக்குக் கிளப்பிக்கொண்டு ஓடி, கடைசித் துணியின் நுனியில் நின்றது.

விமானத்துக்கான ஏணி இல்லை, பனை ஏறுகிற ஏணிகளைக் கட்டிச் சாத்தினார்கள். ஒவ்வொருவராய் இறங்கினார்கள். பிரகாசி அக்கா எல்லோருக்கும் மீன்குழம்பும் சோறும் வைத்தாள். விமானத்தில் என்னதான் சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, தள்ளுவண்டி ஒருநாளும் காலியாகவில்லை, ஆனால் எந்நாளும் அதே உப்புமா என்றார்கள். இஞ்ஞாசி கடைசியில் இறங்கினான். தாடி வளர்ந்திருந்தது. கித்தேரி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் ஓர் அறை வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அவன் பேச முயன்றான். "மெதுவாச் சொல்லு, இனி என்ன அவசரம்" என்றாள் அவள்.

கடத்தல் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வெளியேயிருந்து ஒரு சத்தம் வந்தது, டீ சிந்தியது, அவ்வளவுதான். இஞ்ஞாசி அப்போது தூங்கிக்கொண்டிருந்தானாம். ஓட்டையில் அந்தச் சேலையைக் கட்டியது அவன்தானாம்.

தாசில்தார் மேலிடத்துக்குப் போன் போட்டார். நெடுநேரம் பேசினார். வந்து, கேப்டன் அச்சாமாவிடம், "பயணிகள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் உப்பளத்தில் அத்துமீறி நுழைந்திருப்பதாகத்தான் எழுதச் சொல்றாங்கம்மா" என்றார்.

கேப்டன் நரை விழுந்த தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "அப்ப நாங்க யாரு சாரே?"

"அதை முடிவு பண்ண உத்தரவு வரலை."

உத்தரவு வரவே இல்லை. சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்து அழுது சிரித்துக் கட்டிக்கொண்டார்கள், ஆனால் ரேஷன் கடையில் பெயர் இல்லை, பாங்கில் இறந்தவர் என்றார்கள், ஒருவருடைய மனைவியை விதவை என்றே ஆபீஸில் கூப்பிட்டார்கள். விமானத்தை யாரும் பார்க்கவில்லை; கண்ணுக்கு முன்னால் உப்பில் நிற்கிற விமானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள் அதிகாரிகள், குளத்தைச் சுற்றிப் போவதுபோல. பிழைத்தவர்களில் பாதிப்பேர் தோணிமுனையிலேயே தங்கினார்கள். அங்கே மட்டும்தான் அவர்கள் உயிரோடிருந்தார்கள்.

நினைவுச்சின்னத்தைத் திறக்க மந்திரி வருகிறார் என்று பந்தல் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் காலை, கேப்டன் அச்சாமா கல்தச்சரிடம் போய்ச் சுத்தியலும் உளியும் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். "அதில் என் பேர் இருக்கு. எனக்கு வேண்டாம்" என்றாள். அவர் கொடுத்துவிட்டு, பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.

அவள் தன் பெயரைக் கொத்தி எடுத்தாள். சுத்தியலை அடுத்தவரிடம் கொடுத்தாள். கல் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சொந்த ஊருக்குப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள்; ஒருவர் பின் ஒருவராக வந்து, அவரவர் பெயரை அவரவர் எடுத்தார்கள். ஸ்தெல்லாவுக்காக அவளுடைய அம்மா எடுத்தாள். கடைசியில் இஞ்ஞாசி வந்தான். எடுக்க அவனுக்குப் பெயர் இல்லை. அவன் மண்டிபோட்டு உட்கார்ந்து, அடியிலிருந்த அந்த ஒரு வரியை, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும், நிதானமாக, ஒரு வேலையைச் செய்கிற மாதிரியே கொத்தி எடுத்து முடித்தான். கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்தான் மிஞ்சின.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் உலகநாதன் லாரியில் எல்லோரையும் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே கித்தேரியும் பிரகாசி அக்காவும் பாதி ஊரும் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு, மந்திரி கேட்டிருக்கிறார், உடனே பதிவு செய்யவேண்டும் என்று மேலேயிருந்து போன்மேல் போன். உலகநாதன் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"கல்லை உடைச்சது யாரு?"

"நான்" என்றாள் கேப்டன்.

"பேரு?"

"அச்சாமா குரியன்."

அவர் எழுதினார். தகப்பன் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். தொழில், விமானி. அடுத்தவரைக் கேட்டார். அவரும் நான்தான் என்றார். அதற்கடுத்தவரும் நான்தான் என்றார். மூன்றாவது பெயரை எழுதும்போது உலகநாதனின் கை மெதுவானது. எழுதியதை மேலிருந்து ஒருதரம் படித்தார். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னார் தம் கையால் கல்லை உடைத்தார். செத்தவர்கள் மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நிற்காது. வழக்கு நிற்கவேண்டுமானால் இவர்கள் உயிரோடிருந்தாகவேண்டும். மேலிடமோ வழக்கு வேண்டும் என்கிறது. போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கித்தேரியை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தம்பி பேர் அந்தக் கல்லுல கிடையாதேம்மா. அவரும் உடைச்சாரா?"

"ஆமா சார். அவன்தான் ஜாஸ்தியா உடைச்சான். விட்டுராம எழுதுங்க."

உலகநாதன் கொஞ்சநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார், தண்ணீர் ஒரு வாய் குடித்தார், போனின் ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் கிடத்தினார்.

"வரிசையா வாங்க. யாரும் தள்ளவேண்டாம், எல்லாரையும் எழுதுதேன்" என்றார். "அடுத்த ஆள்."